'ம' என்பது எத்தனை மணி?
சம்பளச் சிட்டையை அட்சரகணிதத்தால் வாசிப்போம்

வன்னியில் அட்சரகணிதத்திற்கு நல்ல பெயர் இல்லை. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளையைக் கேட்டால், "கூட்டல் கழித்தல் வரும், எழுத்துக் கணக்கு வந்தால்தான் தலை சுத்துது" என்று சொல்லும். தகப்பனோ, "எக்ஸைத் தேடுறதை விட்டிட்டு, பட்டியை விட்டுப் போன நாம்பனைத் தேடிக்கொண்டு வா" என்று பகிடி விடுவார். இந்தப் பகிடியில் நியாயம் இல்லாமலும் இல்லை. தொட்டிக்குள் இரண்டு குழாயால் தண்ணீர் ஓடுகின்ற கணக்கை, கிணற்றில் வாளியால் அள்ளுகின்ற பிள்ளைக்குக் கொடுத்தால் அது வேறென்ன நினைக்கும்?

ஆனால் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் எமது கிராமங்களுக்குள் வேறொரு கணக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது மாதா மாதம் ஒரு சிறு கடதாசித் துண்டாக, மகளின் கைப்பைக்குள் இருந்து வருகிறது. சம்பளச் சிட்டை என்பது அதன் பெயர். அதில் தெரியாக் கணியம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க அட்சரகணிதத்தை விட்டால் வேறு வழி இல்லை என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

கூலிக்குப் போக நேர்ந்த கதையை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த கமக்காரக் குடும்பங்கள், மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட பின்னர் வெறுங்கையுடனேயே மறுபடி தொடங்கின. காணி கிடைத்தவர்களுக்குக் குளத்துத் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் கிடைத்தவர்களுக்கு விதைநெல்லுக்குக் கடன். கேப்பாபுலவு மக்களைப் போலச் சொந்தக் காணிக்காகத் தெருவோரத்தில் குந்தியிருந்தவர்களும் உண்டு. முன்னர் காலபோக அறுவடை என்றால் அரிவு வெட்டுக்குக் கூட்டமாகப் போன பெண்களுக்கு ஒரு மாதக் கூலி நிச்சயம். அதை வெட்டு மெசின் எடுத்துக்கொண்டது. ஆகவே இன்று விடியற்காலையில் ஏ9 வீதியில் ஓடுகின்ற தொழிற்சாலை பஸ்களில் எமது பிள்ளைகள் ஏறுகிறார்கள். வவுனியாவின் கடைகளிலும், கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் அவர்களது நாள் கழிகிறது.

கமக்காரன் கணக்குத் தெரியாதவன் அல்லன். நெல்லு வியாபாரி மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று சொன்னதும், மொத்தத்தில் எவ்வளவு போயிற்று என்று வரம்பில் நின்றபடியே சொல்லிவிடுவான். ஏனென்றால் மூடை அவன் கண்முன்னே இருக்கிறது. மகளின் வேலை நேரம் அப்படிக் கண்முன்னே குவிந்து கிடப்பதில்லை. அது வேறொருவரின் புத்தகத்தில் அல்லது கணினியில் இருக்கிறது. 1977இலும் 1983இலும் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் "அரைப் பேர்" என்று செக்ரோலில் விழுந்துவிடும். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைநாள் சம்பளம். எழுதுகிறவனின் பேனை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் கூலியும் இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டம் தருகின்ற எண்கள்

கணக்குப் போடுவதற்கு முன் சில எண்களைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம், மாதத்துக்கு 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா என்று தொடங்கியது. 2021இல் அது 12,500 ரூபாவும் 500 ரூபாவுமாயிற்று. 2024இல் 17,500 ரூபாவும் 700 ரூபாவும். 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அவ்வருடம் ஏப்ரல் 1 முதல் 27,000 ரூபாவும் நாளுக்கு 1,080 ரூபாவும் என்றும், 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபாவும் நாளுக்கு 1,200 ரூபாவும் என்றும் வகுத்தது. இதற்குக் குறைவாகக் கொடுக்க எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. கூடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நல்லது.

இந்த எண்களுக்குள்ளேயே ஒரு சிறு கணக்கு இருக்கிறது. மாதச் சம்பளத்தை நாட்சம்பளத்தால் பிரித்துப் பாருங்கள். 10,000ஐ 400ஆல், 12,500ஐ 500ஆல், 17,500ஐ 700ஆல், 27,000ஐ 1,080ஆல், 30,000ஐ 1,200ஆல். ஒவ்வொரு முறையும் 25 வரும். அதாவது, இச்சட்டத்தின் கண்ணில் ஒரு மாதம் என்பது 25 வேலை நாட்கள். நாளுக்கு 8 மணி என்றால் மாதத்துக்கு 200 மணி. இந்த 200ஐ மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது மேலதிக நேரம். பிள்ளைகள் "ஓ.ரி." என்று சொல்வது இதைத்தான். கிழமைக்கு 45 மணி என்பது சாதாரண வேலை நேரம். அதற்கு மேலே வேலை வாங்கினால் மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். ஆடைத் தொழில் போன்றவை 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றில் ஒரு மணிக்குரிய சம்பளம் காண மாதச் சம்பளத்தை 200ஆல் பிரிப்பது வழக்கம். கடைகளும் அலுவலகங்களும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே 240ஆல் பிரிக்கிறார்கள். 30 நாளை 8ஆல் பெருக்கிய 240 அது. ஒரே 30,000 ரூபாவுக்குத் தொழிற்சாலையில் மணிக்கு 150, ஒன்றரை மடங்கு 225 ரூபா. கடையில் மணிக்கு 125, ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். ஒரே களைப்புக்கு இரண்டு விலை ஏன் என்று கேட்டால், சட்டங்கள் பிறந்த வீடு வேறு என்பதைத் தவிர எமக்குத் திருப்தியான பதில் இல்லை.

கடைசியாகக் கழிவு. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியிடம் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். ஓ.ரி. காசில் இந்தக் கழிவு இல்லை.

ஒரு பிள்ளையின் சிட்டை

இனி ஒரு கணக்கு. தொழிற்சாலைக்குப் போகின்ற ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா. மாத முடிவில் கைக்கு வந்தது 31,200 ரூபா. சிட்டையில் எழுத்து மங்கலாக இருக்கிறது, அல்லது சிட்டையே தொலைந்துவிட்டது. அவளுக்கு எத்தனை மணி ஓ.ரி. போட்டிருக்கிறார்கள்?

பாடப்புத்தகத்தில் தெரியாததற்கு ஆங்கில எழுத்து ஒன்று போடுவார்கள். நாம் மணிக்கு 'ம' என்று போடுவோம். எந்த எழுத்தானாலும் கணக்கு ஒன்றுதான். 30,000இன் 8 வீதம் 2,400. அதைக் கழித்தால் 27,600. அதோடு ஓ.ரி. காசைக் கூட்டினால் கைக்கு வந்தது. எனவே:

27,600 + 225ம = 31,200
225ம = 3,600
ம = 16

பதினாறு மணிக்குத்தான் காசு வந்திருக்கிறது. "இல்லை, நான் இருபத்துநாலு மணி நின்றேன்" என்கிறாள் அவள். உடனே எமக்குக் கோபம் வருகிறது, எட்டு மணியை விழுங்கிவிட்டார்கள் என்று. கொஞ்சம் பொறுக்க வேண்டும். 3,600 ரூபாவை 24ஆல் பிரித்துப் பாருங்கள்: 150. அதாவது இருபத்துநான்கு மணியும் கணக்கில் வந்திருக்கலாம். ஆனால் ஒன்றரை மடங்கு போடாமல் வெறும் மணிச் சம்பளத்தைப் போட்டிருக்கலாம். 16ஐ 225ஆல் பெருக்கினாலும் 3,600, 24ஐ 150ஆல் பெருக்கினாலும் 3,600. இழந்தது இரண்டிலும் 1,800 ரூபா. ஆனால் போய்க் கேட்க வேண்டிய கேள்வி வேறு வேறு. ஒன்றில் "என்ரை எட்டு மணி எங்கே?" என்று கேட்க வேண்டும். மற்றதில் "என்ன வீதத்தில் போட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். பிழையான கேள்வியைக் கேட்டால் அலுவலகத்தில் இருப்பவர் புத்தகத்தைத் திறந்து, "இதோ பார் தங்கச்சி, இருபத்துநாலும் இருக்குது" என்று காட்டி அனுப்பிவிடுவார். அவளும் வெட்கப்பட்டுத் திரும்பி வருவாள்.

கணித ரீச்சர்மார் இதை வேறு விதமாகச் சொல்வார்கள். மணியும் தெரியாது, வீதமும் தெரியாது என்றால், ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாக் கணியங்கள். அதைத் தீர்க்க முடியாது. ஒன்றையாவது வெளியிலிருந்து கொண்டு வர வேண்டும். அந்த ஒன்று பிள்ளையின் கொப்பியிலிருந்துதான் வர முடியும். கலண்டரில் ஒவ்வொரு நாளும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று இரண்டு எண்களை எழுதிவந்தால் போதும். இதை எழுதாமல் விட்ட மாதத்துக்கு எந்த அட்சரகணிதமும் உதவாது.

இன்னுமொன்று. சமன்பாடு பொருந்தவில்லை என்றால் எங்கோ வித்தியாசம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்; யாரோ களவெடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. சில இடங்களில் ஓ.ரி. கணக்கை மாதம் முடியுமுன்னரே, இருபதாம் திகதியளவில் மூடிவிடுவார்கள். கடைசிப் பத்து நாளில் செய்த மணிகள் அடுத்த மாதச் சிட்டையில் வரும். ஆகவே முதலில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று கேட்டறிய வேண்டும். இரண்டு மூன்று மாதங்களைச் சேர்த்துப் பார்த்தும் பொருந்தாவிட்டால், சுப்பர்வைசரிடம் அல்ல, சம்பளப் பகுதியிடம் கொப்பியுடன் போக வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். "கூடுதலாக வேலை செய்தேன், குறைவாகத் தந்தார்கள்" என்ற முறைப்பாட்டுக்கும், திகதி வாரியாக இருபத்துநான்கு மணியும் எழுதிய ஒரு தாளுக்கும் எவ்வளவோ வித்தியாசம்.

மணிக்கணக்கில் வராமல் நிமிடக்கணக்கில் போவதும் உண்டு. "ரார்ஜெற் முடியேல்லை, கால் மணித்தியாலம் நில்லுங்கோ" என்பது பிள்ளைகளுக்குப் பழகிப்போன சொல். நாளுக்கு 15 நிமிடம், மாதத்தில் 24 நாள் என்றால் 360 நிமிடம். அது ஆறு மணி. 225ஆல் பெருக்கினால் 1,350 ரூபா. ஒரு நாளைய சம்பளத்தை விட அதிகம்!

பழைய கணக்குத்தான்

கூலிக் கணக்கு அட்சரகணிதத்துக்குள் நாம் வலிந்து புகுத்திய சரக்கல்ல. அது அங்கேயே பிறந்தது. ஆங்கிலத்தில் "அல்ஜிப்ரா" என்று சொல்கிறார்களே, அச்சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள "அல்-ஜப்ர்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முதுசம் பிரிப்பதற்கும், வழக்குகளுக்கும், வியாபாரத்துக்கும், காணி அளப்பதற்கும், வாய்க்கால் வெட்டுவதற்கும் உதவும் கணக்கு இது என்று அவர் முன்னுரையிலேயே சொல்கிறார். அதில் வருகின்ற கணக்கு ஒன்று: திராட்சைத் தோட்டத்தில் முப்பது நாள் வேலைக்குப் பத்துக் காசு என்று ஒருவனைப் பேசிப் பிடிக்கிறார்கள்; அவன் ஆறு நாள் மட்டும் வேலை செய்தான்; அவனுக்கு எவ்வளவு? விடை இரண்டு காசு. எமது பக்கத்தில், அவருக்கும் முன்னரே, 628இல் பிரமகுப்தர் தெரியாக் கணியங்களுக்குக் கருப்பு, நீலம் என்று நிறங்களின் பெயர்களை வைத்துக் கணக்குச் செய்தார். எக்ஸுக்குப் பயப்படும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

திராட்சைத் தோட்டக் கூலிக்காரர் என்றதும் எமது வாசகர் சிலருக்கு மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். கடைசி மணியில் வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்த தோட்டக்காரரின் தாராளம் சமன்பாட்டுக்குள் அடங்காது. ஆனால் காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் அவர் ஒரு சதமும் குறைக்கவில்லை என்பதையும் அங்கே வாசிக்கலாம்.

சிட்டையே இல்லாதவர்களுக்கு

வவுனியாவில் கடையொன்றில் நிற்கின்ற ஒரு தம்பியை இனி வைத்துக்கொள்வோம். அவனுக்குச் சிட்டை இல்லை. முதலாளி கையில் காசைத் தருவார். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.ரி. என்ன வீதம், ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் கொப்பியில் எழுதியிருக்கிறான்: ஒரு மாதம் 20 மணி மேலதிகமாக நின்று 31,350 ரூபா பெற்றான், அடுத்த மாதம் 32 மணி நின்று 33,600 ரூபா பெற்றான். கழிவு போக வருகின்ற நிலையான காசை 'ச' என்றும், ஓ.ரி. வீதத்தை 'வ' என்றும் வைப்போம்.

ச + 20வ = 31,350
ச + 32வ = 33,600

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 'ச' மறைந்துவிடும். 12வ = 2,250. ஆகவே வ = 187.50. அதை முதலாவதில் போட்டால் ச = 27,600. பாடசாலையில் ஒருங்கமை சமன்பாடுகள் என்று படிப்பிப்பது இதைத்தான்.

இப்போது இந்த எண்கள் பேசத் தொடங்குகின்றன. 187.50 என்பது 30,000ஐ 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்கிய வீதம். சரியான வீதம். 27,600 என்பது 30,000இல் 8 வீதம் போன மிச்சம். ஆகவே மாதம் 2,400 ரூபா சேமலாப நிதிக்கென்று கழிக்கப்படுகிறது. ஆனால் கழிக்கப்படுவது வேறு, போய்ச் சேர்வது வேறு. அவனது 2,400உம் முதலாளியின் 12 வீதமான 3,600உம் சேர்ந்து மாதம் 6,000 ரூபா, வருடம் 72,000 ரூபா அவன் பெயரில் இருக்க வேண்டும். நிதியை வைத்திருப்பது இலங்கை மத்திய வங்கி. தன் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்டறிய ஒவ்வொரு அங்கத்தவருக்கும் உரிமையுண்டு. அங்கத்துவ இலக்கமே தரப்படவில்லை என்றால் அந்த 2,400 எங்கே போகிறது என்று கேட்க வேண்டிய நாள் இன்றே. நாட்கூலிக்கு நிற்பவர்களுக்கும் இந்நிதி உண்டு என்பதைப் பலர் அறியார். "நீ பேர்மனன்ற் இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள்.

வயலுக்கு ஒரு நாள்

தாய்மார் எம்மிடம் கேட்கின்ற கேள்வி வேறு. "பாதர், விதைப்பு நாளிலை பிள்ளையை ஒரு நாள் மறிச்சால் எவ்வளவு போகும்?" இதுவும் சமன்பாடுதான். சம்பளமில்லா லீவு என்றால் ஒரு நாட்சம்பளம் 1,200 ரூபா போகும். அத்துடன் ஒரு நாளும் பிந்தாமல் வருபவருக்குக் கொடுக்கின்ற வரவுக் கொடுப்பனவு 2,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அதுவும் போகும். மொத்தம் 3,200. இதை ஓ.ரி.யால் நிரப்புவதானால் 225ம = 3,200; ம = 14.2, அதாவது பதினாலேகால் மணி. சேமலாப நிதிக் கழிவில் குறைகின்ற 96 ரூபாவை இங்கே விட்டுவிட்டோம். நாளுக்கு இரண்டு மணி கூட நின்றாலும் ஏழு நாள் தாண்டும். கூலிக்கு ஆள் பிடிக்க 3,200க்குக் குறைவாகச் செலவாகுமானால் ஆள் பிடிப்பதே இலாபம்.

கணக்கு இவ்வளவுதான் சொல்லும். பத்து வருடம் பற்றை மண்டிக் கிடந்து திரும்பக் கிடைத்த வயலில், முதல் விதைப்பன்று மகளும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு தாய் விரும்பினால், அதற்கு நாம் எழுத்துப் போடப் போவதில்லை. 3,200 ரூபாவும் ஏழு மாலைகளும் விலை என்று தெரிந்துகொண்டே மறிக்கட்டும். வருடாந்த லீவு மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு. சாதாரண தரம் எழுதப் போகின்ற பிள்ளையிடம் கொடுங்கள். அக்காவின் சிட்டையைப் பார்த்துப் பழகிய பிள்ளையானால் இன்னும் நல்லது. ஒரு தொழிற்சாலையில் நாட்கூலி 1,200 ரூபா, 8 மணி. ஒரு பெண் 22 நாள் வேலை செய்தாள். 8 வீதம் கழித்த பின், ஓ.ரி.யுடன் சேர்த்து அவள் கைக்கு 27,438 ரூபா வந்தது. அவளது கலண்டரில் 18 மணி ஓ.ரி. என்று எழுதியிருக்கிறது. எத்தனை மணிக்குக் காசு வந்திருக்கிறது, எவ்வளவு வர வேண்டியிருக்கிறது? விடை: 14 மணி, 900 ரூபா. செய்த வழியையும் கேட்டு வாங்குங்கள்.